மூன்றாவது லைனின் முப்பது பட்டன்கள்

ஜூலை 1, திங்கள்

எங்கள் அலுவலகத்தில் தினமும் மாலை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இன்று என்ன செய்தாய், எத்தனை மணி நேரம், நாளை என்ன செய்வாய். இன்று நான் எழுதிக் கொடுத்தது: "பட்டன்களுக்கு எஃபெக்ட் சேர்ப்பது குறித்து ஆய்வு. ஏழு மணி நேரம்." அதில் எழுத முடியாததை எழுத இந்த நோட்டை வாங்கியிருக்கிறேன்.

விஷயம் இது. அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். தையல் லைன் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கம்ப்யூட்டர். திரையில் முப்பது பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டெய்லரின் பெயர். கழிப்பறைக்குப் போகும்போது மவுஸால் தன் பெயரை அழுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இடையில் எத்தனை நிமிடம் ஆனது என்று மென்பொருள் குறித்துக்கொள்ளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். தாண்டினால் பெயர் சிவப்பில் வரும். மாலை ஆறு மணிக்கு எல்லாம் தொகுத்து முதலாளியின் செல்போனுக்கு நேராக ரிப்போர்ட் போய்விடும். முன்பு கழுத்தில் மாட்டிக்கொண்டு போக லைனுக்கு இரண்டு பிளாஸ்டிக் அட்டைகள் இருந்தனவாம். இது முன்னேற்றம்.

எங்கள் முதலாளி நந்தகோபால் சார் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் ஓடுதுப்பா பரிதி. ஆனா பட்டன் செத்த மாதிரி கெடக்கு. கிளையன்ட் பாத்துட்டு தாலுக்கா ஆபீஸ் மாதிரி இருக்குன்னுட்டார். கொஞ்சம் உயிர் குடு."

ஒரு பெண் மூத்திரம் போகும் நேரத்தை அளக்கிற பட்டனுக்கு உயிர் கொடுக்க வேண்டும். நான்கு வருடம் பொறியியல் படித்தது இதற்கு.

"சரி சார்" என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

நிழல் போட்டேன். பட்டனுக்குக் கீழே லேசான நிழல் விழுந்தால் அது திரையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் தெரியும். அழுத்தும்போது நிழலை எடுத்துவிட்டால் உள்ளே அமுங்கியதுபோல் தெரியும். எதுவும் எழும்பவும் இல்லை, அமுங்கவும் இல்லை. கண்ணை ஏமாற்றுவதில் நான்கு புள்ளி நிழலுக்கும் ஆறு புள்ளி நிழலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாள் முழுக்க அந்த வித்தியாசத்தில் கழிந்தது.

பக்கத்து நாற்காலியில் ஷாகுல். உக்கடத்துக்காரன், டேட்டாபேஸ் பார்ப்பவன். எட்டிப் பார்த்தான்.

"என்னடா, கக்கூஸ் கதவுக்குக் கோலம் போடறியா?"

ஜூலை 3, புதன்

டெய்லர் வெளியே போயிருக்கும் நேரம் முழுக்க அவருடைய பட்டன் வேறு மாதிரி தெரிய வேண்டும். முதலில் சாம்பல் நிறம் வைத்தேன். "எழவு வீடு மாதிரி இருக்கு" என்றார் நந்தகோபால் சார். நீலம் வைத்தேன். "பேங்க் மாதிரி இருக்கு."

மதியத்துக்கு மேல் மஞ்சள். வெறும் மஞ்சள் இல்லை. பட்டனின் நடுவிலிருந்து வெளிச்சம் கிளம்பி ஓரத்துக்கு வரவர மங்கி, விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கசிகிற மாதிரி செய்தேன். அழுத்தியவுடன் பளிச்சென்று வராது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எடுத்து மெல்ல ஏறும், பழைய குண்டு பல்பு போல.

சார் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். "சுடும் போல இருக்குப்பா" என்றார்.

இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் ஆறேழு முறை அழுத்திப் பார்த்தேன். சோதனைக்காக.

ஜூலை 4, வியாழன்

மறுபடி சோதனை.

ஜூலை 5, வெள்ளி

பனியன் கம்பெனிக்குப் போய் நிறுவிவிட்டு வந்தேன்.

ஹெச்.ஆர். மேனேஜர் பெயர் வித்யாசாகர். ஏசி அறையில் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பத்து நிமிடம் செய்து காட்டினேன். பட்டன் எரிந்ததும் மூவரும் தலையாட்டினார்கள். டெய்லர்களுக்கும் ஒருமுறை காட்டட்டுமா என்று கேட்டேன்.

"லைனை அஞ்சு நிமிஷம் நிறுத்துனா எத்தனை பீஸ் போகும் தெரியுமா தம்பி? சூப்பர்வைசர் சொல்லிக்குவார்."

மூன்றாவது லைன் சூப்பர்வைசர் கதிரேசன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்: "போறப்ப அழுத்துங்க. வர்றப்ப அழுத்துங்க." பயிற்சி முடிந்தது.

முதலில் வந்தவர் சுகந்தி, துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். முப்பது வயது இருக்கும். தன் பெயரை அழுத்தினார். எரிந்தது. நின்று பார்த்தார்.

"ஏனுங்க, இது எதுக்கு எரியுது?"

"நீங்க வெளிய போயிருக்கீங்கன்னு காட்டறதுக்குங்க."

"உள்ள இருக்கறப்ப?"

"எரியாது."

"உள்ள உக்காந்து தைக்கறப்ப இருட்டு, கக்கூஸுக்குப் போனா வெளிச்சம். நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிசிறு வெட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். மயிலாத்தாள். தைத்த துணியில் தொங்கும் நூல்களை வெட்டிக்கொண்டு, கழுத்தில் கயிறு கட்டிய சின்னக் கத்தரிக்கோலோடு லைனில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பவர். அந்தத் திரையை ஒரு நாளைக்கு நூறு தடவை கடப்பார். அவருக்குப் பட்டன் இல்லை. பிசிறு வெட்டுபவர்களை அளக்கும் அளவுக்கு இன்னும் முன்னேற்றம் வரவில்லை.

"நல்லா எரியுது கண்ணு" என்றார் என்னிடம். "எங்கூட்டு வாசல்ல போட்டிருக்கற பல்பாட்டம்."

பயனர் கருத்து என்று படிவத்தில் குறித்தேன்.

ஜூலை 8, திங்கள்

ரிப்போர்ட் ஒழுங்காகப் போகிறது. மெஸ்ஸில் சாம்பார் இன்றும் வெந்நீர்.

ஜூலை 10, புதன்

வித்யாசாகர் போன் செய்தார். நேற்று சுகந்தி ஒரே தடவையில் இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் வெளியே இருந்ததாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. முதலாளி கேட்கிறாராம். மென்பொருள் சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவைப் பார்த்தேன். சுகந்தியின் பட்டன் 10.12க்கு எரிந்திருக்கிறது. 10.14க்கு அணைந்திருக்கிறது. 10.19க்கு மறுபடி எரிந்திருக்கிறது. மதியம் 1.00 மணிக்கு அணைந்திருக்கிறது. 10.19லிருந்து 1.00 வரை வெளியே. கணக்கு சரி.

அவர் தைத்த பீஸ்களை எண்ணினாலே உட்கார்ந்திருந்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் அங்கே உற்பத்திக் கணக்கு லைனுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆளுக்குக் கழிப்பறைக் கணக்கு மட்டும்.

பேச்சோடு பேச்சாக வித்யாசாகர் இன்னொன்றும் சொன்னார். "போன மாசம் இந்தம்மாதான் கக்கூஸ்ல தாப்பாள் இல்லைன்னு ஆள் சேத்துக்கிட்டு வந்துச்சு." அவர் குரலில் கவலை இல்லை.

சுகந்தியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். 19ஆம் தேதி விசாரணை. அதோடு அனுப்பிவிடுவார்கள் என்பது போன் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

ஜூலை 11, வியாழன்

அந்தக் கம்ப்யூட்டரின் திரையை என் மேசையிலிருந்தே பார்க்க வசதி உண்டு. காலையில் திறந்து வைத்துக்கொண்டேன். 11.05க்கு பவானி என்ற பட்டன் எரிந்தது. ஒரு நிமிடம் கழித்து மவுஸ் அம்பு தடுமாறித் தடுமாறி வந்து அதை அணைத்தது. பவானி அதற்குள் திரும்பியிருக்க முடியாது.

கதிரேசனுக்குப் போன் போட்டேன்.

"பவானி பட்டனை யாருங்க அணைச்சது?"

"எதைங்க?"

"மஞ்சளா எரியுமே."

"அந்த லைட்டுங்களா? மயிலாத்தா அணைச்சிருக்கும். அதுக்கு ஆளில்லாத எடத்துல எது எரிஞ்சாலும் ஆகாது. ஃபேனு, லைட்டு, எல்லாத்தையும் அணைச்சுட்டே போகும். நல்ல பழக்கந்தானுங்க."

எழுதிப் பார்க்கிறேன். சுகந்தி அழுத்திவிட்டுப் போகிறார். விளக்கு எரிகிறது. மயிலாத்தா கடந்துபோகும்போது நாற்காலியில் ஆள் இல்லை, விளக்கு எரிகிறது. அணைக்கிறார். சுகந்தி திரும்பி வந்து, சொன்னபடி ஒருமுறை அழுத்துகிறார். விளக்கு மறுபடி எரிகிறது. மென்பொருள், சுகந்தி இப்போதுதான் வெளியே போகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார். ஆள் இருக்கிறார், விளக்கு எரிகிறது, மயிலாத்தாவுக்கு அதில் குறையில்லை. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனதும் மறுபடி அணைத்துவிட்டுப் போகிறார்.

மென்பொருளில் தவறு இல்லை. அழுத்தினால் மாற வேண்டும் என்றார்கள். மாறுகிறது.

ஜூலை 12, வெள்ளி

பவானி விஷயம் ஒரே ஒரு நிகழ்வு. ஒன்றை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. இன்னும் ஆதாரம் சேர்க்க வேண்டும்.

மாலை பேருந்தில் ஒரு ஒடிசாக்காரப் பையன் தப்பான நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டுவிட்டான். கண்டக்டர் அவனை வாய்க்கு வந்தபடி பேசினார். பேருந்தில் ஐம்பது பேர். ஒருவர் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் வாய் தின்பதற்கு மட்டும்தான். நான் கேட்டிருப்பேன், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஜூலை 13, சனி

பதிவுகளில் இன்னும் இரண்டு கிடைத்தன. அந்த இரண்டு பெண்களும் சட்டென்று கவனித்து மறுபடி அழுத்தியிருக்கிறார்கள், அதனால் பெரிய நேரம் ஆகவில்லை. பவானியோடு மூன்று. திங்களன்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 15, திங்கள்

சேர்ந்து ஆறு மாதம் முடிந்தது. நிரந்தரம் செய்த கடிதத்தை நந்தகோபால் சார் மதியம் கொடுத்தார். ஷாகுல் மைசூர்பாகு வாங்கி வந்தான், என் பெயரைச் சொல்லி அவனே பாதி தின்றான். வேறு வேலை ஓடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இப்போது ஆதாரம் முழுமையாக இருக்கிறது. சாரிடம் சொன்னேன்.

"பக் இல்லையே? புரோகிராம்ல தப்பு?" என்றார்.

"இல்ல சார். ஆனா அந்த எஃபெக்ட்டைப் பாத்து விளக்குன்னு நினைச்சு..."

"பக் இல்ல. அப்ப நம்ம பிரச்சினை இல்லப்பா. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ரெக்கார்டைப் போட்டுக் காட்ட ஆள் கேக்கறாங்க. நீ போ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

இருக்கைக்கு வந்ததும் ஷாகுல், "சனிக்கிழமையே மூணும் கையில இருந்துச்சேடா" என்றான்.

சனிக்கிழமை அரை நாள் என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

விசாரணை ஏசி அறையில் நடந்தது. எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். சுகந்தி நின்றார். கதிரேசன் சுவரோரம், தன்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் நின்றார்.

வித்யாசாகர் ரிப்போர்ட்டை வாசித்தார். "ரெண்டு மணி நாப்பத்தொரு நிமிஷம். என்ன சொல்றே?"

"போனேன், வந்தேன், அழுத்துனேன். நீங்க சொன்னது அவ்வளவுதானுங்க."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"அவரைத்தான் கேக்கோணும்" என்று சுகந்தி என்னைக் காட்டினார்.

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல் என்றார் சார். கேட்டுவிட்டார்கள். சொன்னேன். இடையில் யாரோ அணைத்திருக்கிறார்கள், அதனால் கணக்கு தலைகீழாகிவிட்டது, இவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்றேன்.

"யாரோன்னா யாரு?"

"தெரியாது சார்."

"யாருன்னே தெரியாது, ஆனா அணைச்சாங்க. நாளைக்கு இருநூறு பேரும் வந்து இதையே சொல்லுவாங்க தம்பி." ஒரு காகிதத்தை எடுத்து சுகந்தியின் பக்கம் தள்ளினார். தானே விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம். தேதிகூட அடித்துத் தயாராக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி மேலே வைத்தார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "லைனுக்கு மேல கேமரா இருக்குல்ல சார். 9ஆம் தேதி, பத்தேகால் வாக்குல போட்டுப் பாருங்க. அவங்க உக்காந்து தைக்கறது தெரியும்."

போட்டார்கள். 10.19லிருந்து 1.00 வரை சுகந்தி தைக்கிறார். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்கு முன்னால் 10.14ம் தெளிவாக இருந்தது. மயிலாத்தா வருகிறார். திரையைப் பார்க்கிறார். காலி நாற்காலியைப் பார்க்கிறார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடிக்கிறார். அம்பு எங்கெங்கோ போகிறது. ஒரு வழியாக அணைத்துவிட்டு, மவுஸை அதற்கு விரித்திருந்த துணிமேல் ஒழுங்காக வைத்துவிட்டுப் போகிறார்.

வித்யாசாகர் சந்தோஷமாகிவிட்டார். எழுந்து எனக்குக் கை கொடுத்தார். "பாத்தீங்களா, சாஃப்ட்வேர் கரெக்டு. ஆளுதான் தப்பு." சுகந்தியின் முன்னால் இருந்த கடிதத்தை எடுத்து மடித்தார். "நீ திங்கக்கிழமை வந்துரு." பிறகு கதிரேசனிடம், "அந்தம்மாவக் கூப்பிடு."

சுகந்தி என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

மயிலாத்தா கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நீதான் அணைச்சியா?"

"ஆமாங்க. எரிஞ்சுட்டுக் கெடந்துச்சு. ஆளக் காணோம். அணைச்சேன்."

"யாரு அணைக்கச் சொன்னது?"

வித்யாசாகரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தேவையின்றி எரியும் விளக்குகளை அணைக்கவும், நிர்வாகம். மயிலாத்தா அதைக் காட்டினார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆயுத பூஜையன்னிக்கு நீங்கதான் எல்லாத்துக்கும் வாசிச்சுச் சொன்னீங்க."

"அது லைட்டும்மா. இது பட்டன். கம்பெனி ரெக்கார்டு. இதைத் தொட்டா ரெக்கார்டைத் திருத்துன மாதிரி."

"விளக்கு மாதிரி செஞ்சது நான்தான் சார்" என்றேன். "தப்பு என்னுதுதான். யாரு பாத்தாலும் அணைக்கத்தான் தோணும்."

"நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. குறுக்க வராதீங்க."

அந்த இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு முதலாளியிடம் யாரையாவது காட்ட வேண்டும். ஆள் கிடைத்துவிட்டது. இன்னொரு கடிதம் அடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மயிலாத்தா கைநாட்டு வைத்தார்.

"எத்தன நாளைக்குங்க வர வேண்டாம்?"

"இனிமே வர வேண்டாம்மா."

கழுத்திலிருந்து கத்தரிக்கோலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது கம்பெனியுடையது.

ஜூலை 20, சனி

வித்யாசாகர் பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நந்தகோபால் சார் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "உங்கள் ஊழியர் மிகுந்த ஒத்துழைப்பு அளித்தார்."

ஷாகுல் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கதிரேசனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். சுகந்தி குழாயடியில் இருந்தார். தண்ணீர் நூல்போல் விழுந்துகொண்டிருந்தது.

"நன்றி சொல்லுவேன்னு வந்தீங்களா?"

"இல்லைங்க."

"என்னை அனுப்பியிருந்தா மேக்கால ஒரு கம்பெனி, தெக்கால ஒரு கம்பெனி. ஓவர்லாக் டெய்லருக்கு ஒரு வாரம் ஆகாதுங்க. அம்பத்தாறு வயசுல பிசிறு வெட்டற பொம்பளைய எவன் கேட்டுக்குள்ள விடுவான்? சொல்லுங்க."

"எனக்கு அது தெரியாதுங்க."

"கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போம். பதினொன்னாந் தேதியே தெரியுமாமா உங்களுக்கு. கதிரேசன் அண்ணன் சொல்லுச்சு. எட்டு நாளு இருந்துச்சு. மயிலாத்தாகிட்ட ஒரு வார்த்தை, அம்மா இது லைட்டு இல்லைன்னு சொல்லியிருந்தா அதோட போச்சு."

ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது எப்படிக் கேட்டது என்று எழுத விரும்பவில்லை.

குடம் பாதிகூட நிறையவில்லை. அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். முப்பது பட்டனும் ஒண்ணா எரிஞ்சா என்ன ஆகும்? கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருமா?"

"கெடாது. முப்பது பேரும் வெளிய இருக்காங்கன்னு ரிப்போர்ட் போகும்."

"யாருக்கு?"

"உங்க ஓனருக்கு. ஆறு மணிக்கு."

"மேனேஜரு பாத்துட்டுத்தான் போகுமா?"

"இல்ல. நேரா போயிரும்."

"சரிங்க" என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

ஜூலை 22, திங்கள்

காலை 8.34க்குத் திரையைத் திறந்தேன். மூன்றாவது லைனில் முப்பது பட்டன்களும் எரிந்துகொண்டிருந்தன.

ஷாகுல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். சனிக்கிழமை முகம் கொடுக்காதவன். "என்னடா இது, தீபாவளி மாதிரி?"

பார்த்துக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எரிந்தன. அணைக்க ஆள் இல்லை. ஆறு மணிக்கு முதலாளிக்குப் போன ரிப்போர்ட் இது: லைன் 3. வெளியே இருந்தவர்கள் 30 பேர். நேரம் 9 மணி 27 நிமிடம். லைன் 3 இன்றைய உற்பத்தி 1,140 பீஸ்.

ஜூலை 23, செவ்வாய்

வித்யாசாகர் ஒன்பதரைக்குள் மூன்று தடவை போன் செய்தார். ஓனர் நேற்று மாலை கேட்டாராம்: லைனே நாள் பூராவும் கக்கூஸில் இருந்தது என்றால் ஆயிரத்து நூற்று நாற்பது பீஸைத் தைத்தது யார்? நீயா?

கதிரேசனை விட்டு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாராம். கதிரேசன் முப்பதாவது பட்டனுக்குப் போவதற்குள் முதலாவது எரிந்துவிட்டதாம். வரிசையாக நிறுத்திக் கேட்டதற்கு பவானிதான் பதில் சொன்னாராம். "வர்றப்ப அழுத்துங்கன்னீங்க. காலைல வேலைக்கு வந்தோம். அழுத்துனோம்."

மற்றபடி எல்லோரும் தைக்கிறார்கள். ஒரு பீஸ் குறையவில்லை. யாரை என்ன சொல்லி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட். எல்லோரும் அழுத்துகிறார்கள், அழுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்களாம், மயிலாத்தா எப்போது வருவார் என்று.

நந்தகோபால் சார் என்னைக் கூப்பிட்டார். "பட்டன் பத்து நிமிஷத்துல தானா அணையற மாதிரி மாத்திரு. முடிஞ்சுது பிரச்சினை. எவ்வளவு நேரம் ஆகும்?"

அரை மணி நேர வேலை.

"நாலு நாள் சார்."

"எதுக்குப்பா நாலு நாள்?"

"அந்த எஃபெக்ட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு சார். ஒண்ணத் தொட்டா நாலு போகும்."

பின்னாலிருந்து ஷாகுல், தலையைத் தூக்காமல், "அஞ்சு ஆகும் சார். டேட்டாபேஸும் மாத்தணும்" என்றான்.

சார் பெருமூச்சு விட்டார். இந்தத் தொழிலில் நாலு நாள் என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. படிவத்தில் எழுதினேன்: "பட்டன் மாற்றம் குறித்து ஆய்வு. எட்டு மணி நேரம்."

ஜூலை 24, புதன்

முப்பது. 1,155 பீஸ்.

ஜூலை 25, வியாழன்

முப்பது. மாலை வித்யாசாகர் போன். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு பிசிறுக்காரிக்காகவா இவ்வளவும்னு ஓனர் கேக்கறார் தம்பி. அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு வரச் சொல்லுன்னுட்டார். நாளைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கோம். வருதோ என்னமோ. கூப்பிடப் போனவன்கிட்ட ஒண்ணும் சொல்லலியாம். நீங்க உங்க வேலைய முடிச்சீங்களா?"

"நாலு நாள் சொன்னேன் சார். இன்னும் ஒரு நாள் இருக்கு."

"சீக்கிரம் பண்ணுங்க" என்றார். எல்லோரையும் சீக்கிரம் பண்ணச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

ஜூலை 26, வெள்ளி

காலை 8.33. முப்பதும் எரிந்தன.

வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வந்திருந்தால் எதற்கு எரிய வேண்டும். கதிரேசன் போனை எடுக்கவில்லை. சுகந்தியின் எண் என்னிடம் இல்லை, இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். பத்து மணி. பதினொன்று. நந்தகோபால் சார் இரண்டு முறை வந்து முடிந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். பின்னிக் கிடக்கிறது என்றேன். பன்னிரண்டு. முப்பதும் எரிந்தன. ஒருவேளை அவருக்கே வர இஷ்டம் இல்லாமல் போயிருக்கலாம். கைநாட்டு வாங்கி அனுப்பிய இடத்துக்கு நானாக இருந்தால் போக மாட்டேன்.

ஷாகுல் சாப்பிடக் கூப்பிட்டான். நீ போ என்றேன். அவனும் போகவில்லை. டப்பாவை என் மேசையில் வைத்துப் பிரித்தான்.

ஒரு மணி. அங்கே மணி அடித்திருப்பார்கள். லைன் எழுந்து சாப்பிடப் போயிருக்கும், நாற்காலிகள் காலியாக இருக்கும். திரையில் அசைவில்லை. முப்பது மஞ்சள்.

1.03க்கு அம்பு அசைந்தது. மேலே போனது. திரையின் ஓரத்தில் முட்டி நின்றது. திரும்பிக் கீழே வந்தது. முதல் வரிசையில் முதல் பட்டனைத் தேடிப் பிடித்து நிற்க ஐந்து நொடி ஆயிற்று. அணைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு பவானி. வரிசை தப்பாமல், ஒன்றைக்கூட விடாமல், தடுமாறித் தடுமாறி. சுகந்தி ஏழாவது. நடுவில் ஒருமுறை அம்பு வழி தவறி மூலைக்கு ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பதாவது அணையும்போது 1.08.

ஷாகுல் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருடா அணைக்கறது?"

"மயிலாத்தா வேலைக்கு வந்துட்டாங்க" என்றேன்.